உரிக்காத சீட்டு

"நீ இன்னைக்கு ஹாலுக்கு வர வேணாம்மா."

பெரியவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மகளுடைய வெள்ளைச் சட்டையில் காலர் மட்டும்தான் பாக்கி. அதையும் தேய்த்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று நினைத்தாள். பெட்டியை மறுபடி எடுத்துக் காலரைத் தேய்த்தாள்.

"அப்பா வரட்டும். சித்தப்பா, சித்தி வரட்டும். நீ மட்டும் வேணாம். உன்னைப் பார்த்தா நாலு பேர் குசுகுசுன்னு பேசுவாங்க... அதைக் கேட்டுக்கிட்டு என்னால மேடையில நிக்க முடியாது."

"சரிம்மா."

"கோவமா?"

"காலர் சூடா இருக்கு. ஆறட்டும், அப்புறம் போட்டுக்கோ."

இருபத்தொரு வயதுப் பெண், பெற்றவளைப் பார்த்து வராதே என்கிறாள். கேட்டவள் காலரைப் பற்றிப் பேசுகிறாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்டால்தான் என்ன என்று நமக்குத் தோன்றும். நான்கு வருஷமாக அந்த வீட்டில் அவளுக்கு வாய் என்று ஒன்று இருந்தால்தானே!

அது அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைக்கும் வீடு. மூத்த மருமகள் பெரியவள், இளையவள் சின்னவள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. பெரியவளின் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். இரும்போடு நன்றாகப் பேசுவார், மனிதர்களிடம் அவ்வளவாகக் கிடையாது. சின்னவள் சமையலறை ஜன்னல் ஓரம் தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பாள். கால் மெஷினை மிதிக்கும், வாய் ஊரை மிதிக்கும். மற்றபடி கெட்டவள் இல்லை.

அன்று கூட ஜன்னலோரத்திலிருந்தே அவள் குரல் கொடுத்தாள். "பொண்ணு சொல்றதும் நியாயந்தான் அக்கா. விரட்டிவிட்ட இடத்துக்கே போய் உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?"

பெரியவள் சட்டையை உதறி மடித்தாள். விரட்டிவிட்ட இடம்... அந்த இடத்தை உண்டாக்கியவளே அவள்தான்.

பத்து வருஷத்துக்கு முந்தைய கதை அது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாயும் குடுவையும் கழுவி அடுக்குவது பெரியவளின் வேலை. மாணவிகள் 'குடுவை அக்கா' என்பார்கள். ஒருநாள் வகுப்பில் முதலாவதாக வரும் ஒரு பெண், தன் ஆய்வகக் கோட்டை மடித்துக் கொண்டுவந்து தொட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

"இதை வேற யாருக்காவது குடுங்க அக்கா. அடுத்த பருவத்துக்குக் கட்ட வழியில்ல... நான் நின்னுட்டேன்."

பெரியவளும் ஒரு காலத்தில் பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். அந்தக் கோட்டை அவளால் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. அன்று மாலையே எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரம்மாவும், அங்கே நகல் எடுக்க வந்திருந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவரும் முழுவதையும் கேட்டார்கள். கடையில் இரண்டு நாற்காலி. காகிதப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மூன்றாவது ஆளும் உட்கார்ந்தாள். அறிவியல் படிக்க வழியில்லாத பிள்ளைகளுக்கு உதவும் சங்கம் அப்படித்தான் தொடங்கியது.

கோட்டைக் கொடுத்த பெண்ணுக்கு அவர்களால் உதவ முடியவில்லை. இவர்கள் அங்கே இங்கே கேட்டுத் திரட்டுவதற்குள் அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆனால் அவளுக்கு அடுத்து வந்தவளுக்கு உதவ முடிந்தது.

"யாருக்குக் குடுக்கறதுன்னு எப்படி முடிவு பண்றது? மார்க்கைப் பார்த்துத்தானே?" என்று கேட்டார் டீச்சர்.

"எங்க ஆய்வகத்துல சில பாட்டில்ல லேபிள் தண்ணி பட்டு உரிஞ்சிடும் டீச்சர். உள்ள என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அது என்ன செய்யுதுன்னு பார்த்துத்தானே? பிள்ளைங்களையும் அப்படிப் பார்க்கலாம். பேரை மறைச்சிடுவோம். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், ஒண்ணும் தெரிய வேணாம்."

"மார்க்கு?"

"மார்க்கை யார் வேணா காட்டுவாங்க. தப்பாப் போன ஒரு சோதனையை எழுதித் தரச் சொல்லுவோம். நான் பதினெட்டு வருஷமா குடுவை கழுவறேன். உடைச்சிட்டு மறைக்கிற பிள்ளையும் உண்டு, உடைச்சிட்டேன்னு வந்து நிக்கிற பிள்ளையும் உண்டு. நமக்கு ரெண்டாவது பிள்ளை வேணும்."

டீச்சர் தன் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை இன்னொரு முறை பார்த்தார். முப்பது வருஷம் பாடம் நடத்தியவருக்குத் தோன்றாதது குடுவை கழுவுகிறவளுக்குத் தோன்றியிருந்தது.

அதன்பின் வந்த நோட்டுகளில் எல்லாம் பெயரின் மேல் ஒரு காகிதச் சீட்டு ஒட்டப்பட்டது. தேர்வு முடியும்வரை அதை யாரும் உரிக்கக் கூடாது. நோட்டுகள் இருக்கும் அலமாரிச் சாவி பெரியவளின் இடுப்பில். மூன்றாவது விதியையும் அவளே சொன்னாள். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவி கிடையாது. விலகினாலும் ஒரு வருஷம் கழிய வேண்டும்.

"நம்ம பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு அக்கா?" என்று சிணுங்கினாள் ஜெராக்ஸ்காரம்மா.

"பரிமாறுறவ நம்மவளா இருந்தா பந்தியில எங்க உட்கார்ந்தா என்னன்னு ஊரே பேசும். வேணாம்."

முதல் வருஷம் ஒரு பிள்ளை. அடுத்த வருஷம் மூன்று. படித்து முடித்தவர்கள் திரும்பி வந்து உறுப்பினர் ஆனார்கள். நர்ஸ் வந்தார், பல் டாக்டர் வந்தார், லேத் பட்டறைக்காரர் தன் ஆட்களையும் இழுத்துக்கொண்டு வந்தார். ஜெராக்ஸ் கடை போதாமல் கல்லூரிக் கிடங்குக்கும், கிடங்கு போதாமல் வாடகை ஹாலுக்கும் சங்கம் நகர்ந்தது. படித்து முடித்த பிள்ளைகளில் ஒருத்தி வானிலை நிலையத்தில் மழை வருமா என்று சொல்கிறாள். இன்னொருவன் புற்றுநோய் ஆய்வகத்தில் இருக்கிறான். அவர்கள் ஊர் வரும்போது முதலில் குடுவை அக்காவைத்தான் தேடி வருவார்கள்.

வேலி கட்டியவள் காலிலேயே அந்த வேலி குத்தும் நாளும் வந்தது.

மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். சமையலறை மேடையெல்லாம் அவளுடைய கிண்ணங்கள்தான், எதையாவது கரைத்துக்கொண்டே இருப்பாள். அறிவியல் பட்டப்படிப்பு என்பது அந்த வீட்டுச் சம்பளத்துக்கு எட்டாத உயரம். எல்லோருக்கும் அது தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது மெக்கானிக் விளையாட்டாகச் சொன்னார். "உங்கம்மா சங்கத்தை விட்டுட்டா உனக்குக் கிடைச்சாலும் கிடைக்கும்."

மகள் தட்டைத் தள்ளினாள். "அம்மா எனக்காகச் சங்கத்தை விட்டா நான் காலேஜ் வாசப்படியையே மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

சொன்னதைச் செய்கிற பெண். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை.

அடுத்த வாரம் ஒரு காலைப் பொழுதில் பெரியவள் டீச்சர் வீட்டு வாசலில் நின்று அலமாரிச் சாவியை அவர் கையில் வைத்தாள். வைக்கும்போது அழுதுவிட்டாள். எதிர்க் கடையில் நூல்கண்டு வாங்கிக்கொண்டிருந்த சின்னவள் கண்ணில் அது பட்டது, பேசியது எதுவும் காதில் விழவில்லை. விதி என்றால் விதிதான்!

அன்று மாலை, "அக்காகிட்ட இருந்து சாவியைப் புடுங்கிட்டாங்களாம்" என்றாள். மறுநாள், "சும்மாவா புடுங்குவாங்க?" மூன்றாம் நாள் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டது. தெரிந்தவர் பிள்ளைக்காகப் பெரியவள் சீட்டை உரித்து உள்ளே பெயர் பார்த்தாளாம், கையும் களவுமாகப் பிடிபட்டாளாம்.

"உரிச்சியாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் ஏன் விலகின?"

பெரியவள் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"ஏன்னு கேக்கறேன்ல... சொல்லும்மா. ஒரு வார்த்தை சொல்லு, நான் சித்தி வாயை அடைக்கிறேன்."

சொன்னால் மகள் விண்ணப்பிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் மகள் மதிக்க மாட்டாள். இரண்டில் எதைத் தாங்க முடியும் என்று அந்தத் தாய் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, "அடுப்புல பால் இருக்கு" என்று திரும்பிக்கொண்டாள். கணவரும் ஒரே ஒரு தடவை கேட்டார். "நீங்களுமா?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பணிமனைக்குப் போய்விட்டார். கேட்டது தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்துச் சான்றிதழ் நகலெடுக்கப் போன மகளிடம், "இந்த ஃபாரத்தையும் நிரப்பிப் போடு" என்று நீட்டினாள் ஜெராக்ஸ்காரம்மா. அம்மாதான் அங்கே இல்லையே என்று மகளும் நிரப்பினாள், சோதனை நோட்டை எழுதிக் கொடுத்தாள். நூற்றுக்கும் மேல் வந்த நோட்டுகளில் அவளுடையதும் தேர்வானது. கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள். கடைசியாக அம்மா முன் நின்றாள்.

"பேரை மறைச்சுக் குடுத்தது. யாரும் எனக்காகச் சீட்டை உரிக்கலை. நேர்மையா வாங்கினது."

பெரியவள் அடுப்புப் பக்கம் திரும்பி அழுதாள். சந்தோஷமா, துக்கமா என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அது முடிந்து மூன்று வருஷம். மகள் இப்போது பட்டதாரி, ஆராய்ச்சி நிலையத்தில் இடமும் கிடைத்துவிட்டது. இன்று சங்கத்தின் பத்தாம் ஆண்டு விழா.

எல்லோரும் கிளம்பிப் போய் அரை மணி நேரம் இருக்கும். வாசலில் ஜெராக்ஸ்காரம்மா வண்டியில் வந்து இறங்கினாள்.

"அக்கா, கிளம்புங்க. டம்ளர் கழுவ வர வேண்டிய ஆள் வரலை. டீ குடுக்க டம்ளரே இல்ல."

"என்னை வர வேணாம்னு சொல்லியிருக்கா."

"ஹாலுக்குத்தானே வர வேணாம்னா? பின்னாடி கழுவுற ரூமுக்கு வாங்க. அது ஹால்ல சேர்த்தி இல்ல."

பெரியவள் அவளை உற்றுப் பார்த்தாள். "ஏதாவது சொல்லிக்கில்லி வச்சிருக்கீங்களா?"

"படிப்பு முடியற வரைக்கும் பேச மாட்டோம்னு உங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணோம். இது வரைக்கும் பேசலை. வாங்க, டீ ஆறுது."

ஹாலின் பின்பக்கம் சின்ன அறை, ஒரு தொட்டி, ஒரு குழாய், மலைபோல டம்ளர்கள். பெரியவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். கண்ணாடியும் தண்ணீரும் அவளுக்குப் புதிதா? மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி. ஒவ்வொரு பேச்சும் தெளிவாகக் கேட்டது.

சங்கத்தில் ஒரு வழக்கம். படிப்பை முடித்த பிள்ளைக்கு, முதலில் எழுதித் தந்த நோட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். தான் தோற்ற சோதனையை அந்தப் பிள்ளை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

"கடைசி அட்டை வரைக்கும் படிக்கணும். நடுவுல நிறுத்தக் கூடாது" என்று டீச்சரின் குரல் கேட்டது.

பிறகு மகளின் குரல். பெரியவள் குழாயை மூடினாள்.

"சோதனை: படிகாரக் கரைசல்ல ஒரே ஒரு பெரிய படிகம் வளர்ப்பது. முடிவு: தோல்வி. ஒரு நூல்ல சின்னப் படிகத்தைக் கட்டிக் கரைசல்ல தொங்கவிட்டேன். ஒண்ணு பெருசா வளரணும். ஆனா தினமும் காலையில பார்த்தா அடியில பொடிப் பொடியா நூறு கிடக்குது. படிகாரம் மட்டமான சரக்குன்னு எழுதினேன். கடையை மாத்தினேன். மறுபடி பொடி. பதினொரு நாள் படிகாரத்தைத் திட்டினேன். பன்னெண்டாவது நாள் வீட்ல மெஷின் ரிப்பேர். அன்னைக்குப் படிகம் ஒழுங்கா வளர்ந்துச்சு. குற்றவாளி, எங்க சித்தியோட தையல் மெஷின். அதோட அதிர்வுதான் கிண்ணத்தை ஆட்டிக்கிட்டே இருந்திருக்கு."

ஹால் முழுக்கச் சிரிப்பு. பின்னறையில் பெரியவளும் தனியாக நின்று சிரித்தாள். இந்த நோட்டை அவள் படித்ததே இல்லை. அந்தப் பதினொரு நாளும் கிண்ணத்தைத் தொடாமல் சமைத்தது மட்டும் நினைவிருந்தது.

"முடிவுரை: படிகாரத்து மேல தப்பு இல்ல. காரணம் தேடாம, பக்கத்துல இருந்ததைக் குத்தம் சொன்னதுதான் என் தப்பு."

கைதட்டல். காகிதம் புரளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஒலிபெருக்கி கெட்டுவிட்டதோ என்று பெரியவள் கதவைப் பார்த்தாள்.

"டீச்சர்... பின்னட்டையில என்னமோ ஒட்டியிருக்கு."

"படி. கடைசி அட்டை வரைக்கும்னு சொன்னேன்ல?"

"தகுதிக் குறிப்பு..." மகளின் குரல் மெதுவாக வந்தது. "நோட்டைத் தேர்ந்தெடுத்த பிறகே பெயர்ச் சீட்டை உரித்தோம். விண்ணப்பதாரரின் தாய் இந்தச் சங்கத்தை நிறுவிய மூவரில் ஒருவர். மகள் விண்ணப்பிக்க வழிவிட்டுத் தானாகவே விலகியவர். விலகி ஓராண்டும் பன்னிரண்டு நாளும் ஆகிவிட்டன. விதிப்படி தகுதி உண்டு. தாயின் வேண்டுகோளின்படி, படிப்பு முடியும்வரை இது மகளுக்குத் தெரியக் கூடாது. தாயின் விலகல் கடிதம் கீழே ஒட்டப்பட்டுள்ளது..."

பெரியவளின் கையிலிருந்த டம்ளர் தொட்டிக்குள் நழுவியது.

"என் மகள் அடுத்த வருஷம் எழுதலாம். எழுதாமலும் போகலாம்." அது பெரியவளின் வரிகள். மகள் அவற்றை ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "எழுதினாலும் கிடைக்கும் என்று உறுதியில்லை. சீட்டை யாரும் உரிக்க வேண்டாம். அவளுக்காகக் கதவு மட்டும் திறந்திருந்தால் போதும்."

மகள் நோட்டை மூடும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

"நான்... நான் பதினொரு நாள் படிகாரத்தைக் குத்தம் சொன்னேன்." குரல் உடைந்தது. "நாலு வருஷம் எங்கம்மாவை. சீட்டை உரிச்சவன்னு... இன்னைக்குக் காலையில கூட நீ ஹாலுக்கு வராதேன்னு சொல்லிட்டு வந்தேன். எங்கம்மா எங்க? யாராவது எங்கம்மாவைக் கூட்டிட்டு வாங்களேன்."

"எதுக்குக் கூட்டிட்டு வரணும்? பின்னாடிதான் டம்ளர் கழுவறாங்க" என்றாள் ஜெராக்ஸ்காரம்மா, ஹாலே கேட்கும்படி.

கதவு திறந்தது. மகள் ஓடிவந்தாள். அம்மாவின் ஈரக் கைகளைப் பற்றி, அவற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோலத் தேம்பினாள்.

"ஏம்மா சொல்லலை... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னென்ன பேசினேன்... எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே எனக்குச் சட்டை தேய்ச்சியே..."

"சொன்னா நீ படிச்சிருக்க மாட்டே."

"படிக்காமப் போயிருந்தா என்ன..."

"நான் நின்ன இடத்துல நீயும் நின்னுருப்பே. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லடா கண்ணு. மத்ததையெல்லாம் தாங்கிக்கலாம்." சொல்லும்போதே அவளுக்கும் உடைந்துவிட்டது. நான்கு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். நடுவில், "நோட்டைத் தள்ளிப் பிடி, நனையுது" என்றும் சொன்னாள்.

கதவடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வானிலை நிலையத்துப் பெண் அழுதுகொண்டே கைதட்ட ஆரம்பித்தாள், பிறகு எல்லோரும். மெக்கானிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டியில் மிச்சமிருந்த டம்ளர்களைக் கழுவத் தொடங்கினார். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் கேட்ட முதல் மன்னிப்பு அதுதான். பெரியவளுக்கு அது புரிந்தது.

சின்னவள் மட்டும் சுவரோரம் நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை. வந்து பெரியவளின் காலில் விழப் போனாள். பெரியவள் தடுத்துத் தோளைப் பிடித்தாள்.

"என் வாயைத் தைக்கணும் அக்கா... என் மெஷின்லயே வச்சுத் தைக்கணும்."

"வாயைத் தைச்சிட்டா வீட்ல யார் பேசறது? மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் போடு, அது போதும்."

அழுதுகொண்டே சின்னவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள்.

டீச்சர் மெல்ல நடந்து வந்தார். கையில் பழைய அலமாரிச் சாவி. "நாங்க வாயைத் திறக்கலை. நோட்டு பேசினா அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றவர், நீட்டப்பட்ட சாவியைப் பெரியவள் வாங்காததைப் பார்த்து, "உன் பொண்ணோட உதவி போன மாசத்தோட முடிஞ்சது. விதிப்படி நீ திரும்பி வரலாம். விதியை எழுதினவளுக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

பெரியவள் கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தின் நடுவே, மேடைக்கு அவளை நடத்திக்கொண்டு போனது மகள்தான். நாற்காலியில் உட்கார வைத்தாள். கீழே நின்றவர்களில் பாதிப் பேர் அவள் திறந்த கதவு வழியாக உள்ளே போனவர்கள். அவர்கள் கைதட்டலை நிறுத்துவதாக இல்லை. எத்தனை கண்ணீர் வந்தாலும் தலையை மட்டும் குனிய மாட்டேன் என்று பெரியவள் நேராக உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வருஷம் எத்தனை நோட்டு வந்திருக்கு டீச்சர்?" என்று பக்கத்தில் கேட்டாள்.

"முந்நூத்துப் பன்னெண்டு."

"சீட்டு ஒட்டியாச்சா?"

"பாதிதான். கை போதலை."

மகள் குனிந்தாள். "என்னைச் சேர்த்துக்குவீங்களா டீச்சர்? உறுப்பினரா?"

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சேர்ந்தா நாளைக்கு உன் பிள்ளைக்கு இங்க கிடைக்காது. யோசிச்சுக்கோ."

"தெரியும்." மகள் அம்மாவின் தோளில் கை வைத்தாள். "கிடைக்கணும்னா என்ன செய்யணும்னு எங்கம்மாவைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரே ஒரு வித்தியாசம், நான் என் பிள்ளைகிட்ட சொல்லிட்டுச் செய்வேன்."

பெரியவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முதல்ல பசையை எடுத்துட்டு வா" என்றாள்.